கூட வந்தவர் சொன்ன பதில்

இரண்டாயிரத்து இருபத்து நான்காம் ஆண்டு, மார்ச் மாதம் பன்னிரண்டாம் திகதி, செவ்வாய்க்கிழமை, முற்பகல் ஒன்பது மணி நாற்பது நிமிடத்துக்கு நான் ஒரு படிவத்தில் பிழையான விடையொன்றை எழுதினேன். நேரத்தைப் படிவத்தின் மேல் மூலையில் குறிக்கவேண்டும் என்பது எங்கள் விதி. ஆகவே அது எனக்கு நிச்சயமாகத் தெரியும். விடை பிழை என்பது தெரியவர நான்கு மாதங்கள் சென்றன.

ஹம்பேர்க் பிரதான தொடருந்து நிலையத்திலிருந்து ஐந்து நிமிட நடையில் ஒரு தமிழ்க் கடை இருக்கிறது. அதன் பின்புறம், அரிசி மூட்டைகளும் கருவாட்டுப் பெட்டிகளும் அடுக்கியிருந்த ஓர் அறையை எங்கள் பெண்கள் சிலர் கேட்டு வாங்கினார்கள். வெள்ளையடித்து, ஒரு கட்டிலும் ஒரு மேசையும் போட்டு, அதைக் கர்ப்பிணிகளுக்கான அறையாக ஆக்கினார்கள். எத்தனை முறை வெள்ளையடித்தும் மழை நாட்களில் சுவரிலிருந்து கருவாட்டு மணம் வந்தது. அங்கே செவ்வாயும் வியாழனும் வேலை செய்தவர் இந்த நாட்டிலேயே வளர்ந்து, இங்கேயே படித்துப் பட்டம் பெற்ற ஒரு தமிழ் மருத்துவச்சி. வேறு கண்டங்களில் ஆதிக்குடிப் பெண்கள் தங்கள் பிரசவப் பராமரிப்பைத் தங்கள் கையிலேயே எடுத்துக்கொண்டதைப் பற்றி அவர் படிப்புக்காலத்தில் வாசித்திருந்தார். அங்கேயெல்லாம் தன் மொழி பேசும் ஒருத்தி வாசலில் நின்றதால்தான் மற்றப் பெண்கள் உள்ளே வந்தார்கள் என்று அடிக்கடி சொல்வார். எங்கள் அறையின் யோசனை அப்படித்தான் பிறந்தது.

அது பலித்தது என்பதையும் சொல்லவேண்டும். மருத்துவமனைக் கடிதங்களைப் பிரிக்காமலே இழுப்பறையில் வைத்திருந்த பெண்கள் அவற்றை எடுத்துக்கொண்டு எங்களிடம் வந்தார்கள். கைத்தொலைபேசியில் கணவனைப் பிடித்துவைத்துக்கொண்டு வைத்தியரோடு பேசிய பெண்கள், எங்களில் ஒருத்தியை அழைத்துக்கொண்டு போனார்கள். கதவில் மருத்துவச்சி ஒரு வரி எழுதி ஒட்டியிருந்தார்: “இங்கே ஒருவரும் தனியே வரத் தேவையில்லை.” அந்த வரியை எல்லோரும் மனப்பூர்வமாக ஏற்றுக்கொண்டார்கள். தாய், மாமி, மச்சாள், பக்கத்து வீட்டு அக்கா என்று யாராவது எப்போதும் கூட வந்தார்கள். கூட வருபவர்களுக்காகவே மூன்று கதிரைகள் வாங்கிப் போட்டிருந்தோம்.

நான் ஜேர்மன் இலக்கியம் படிக்கிறேன். என்னை அந்த அறைக்கு அனுப்பியவர் அம்மா. “எப்ப பார்த்தாலும் புத்தகத்தோடதான் இருக்கிறாய். நாலு மனிசரோட கதைச்சுப் பழகு,” என்றார். கதைக்க நான் பழகவில்லை. எழுதினேன், மொழிபெயர்த்தேன், கர்ப்பிணிகளோடு மருத்துவமனைக்குப் போய் வந்தேன். என் எழுத்து தெளிவாக இருந்தது என்று படிவங்களை என்னிடமே விட்டார்கள். அதில் எனக்கு உள்ளூரப் பெருமையும் இருந்தது.

மார்ச் மாதத்து அந்தச் செவ்வாயில் வந்தவர் முப்பத்து மூன்று வயதுப் பெண். பதினான்கு வாரக் கர்ப்பம். வன்னியிலிருந்து திருமணமாகி வந்து ஆறு மாதங்கள் ஆகியிருந்தன. கூட வந்தவர் அவருடைய மச்சாள், அதாவது கணவரின் அக்கா. இங்கே முப்பது வருடங்களாக இருப்பவர், அம்மா போகும் கோயிலுக்கே போகிறவர், அதனால் எனக்கு அன்ரி. ஒரு பெட்டி நிறையப் பயற்றம் பணியாரத்தோடு வந்து, அதை மேசையில் என் தாள்களின் மேலேயே வைத்தார்.

“பிள்ளை, நீர் கம்பஸில என்ன படிக்கிறீர்?”

“ஜேர்மன் இலக்கியம், அன்ரி.”

“அவங்கட கதையை அவங்களுக்கே திருப்பிச் சொல்லப் போறீரோ? அதுக்குச் சம்பளமும் குடுப்பாங்களோ?”

எல்லோரும் சிரித்தோம். கர்ப்பிணிப் பெண்ணும் வாயை மூடிக்கொண்டு சிரித்தார். மருத்துவச்சி இரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டே கேள்விகளைக் கேட்டார். நீரிழிவு உண்டா, சத்திரசிகிச்சை ஏதும் நடந்ததா, மருந்து ஏதும் ஒத்துவராதா. ஒவ்வொரு கேள்விக்கும் மச்சாள் முந்திக்கொண்டு பதில் சொன்னார், கர்ப்பிணி தலையசைத்தார், நான் எழுதினேன். அது எங்கள் அறையில் வழக்கமான முறை. மூத்தவர் பேசுவார், இளையவர் ஆமோதிப்பார். அதை மரியாதை என்றே நினைத்திருந்தேன்.

“இதுக்கு முதல் பிள்ளை ஏதும் தங்கினதோ, கலைஞ்சதோ?” என்று மருத்துவச்சி கேட்டார்.

“இல்லையில்லை, இதுதான் முதல்,” என்றார் மச்சாள். “கட்டி ஒண்டரை வருசம். அதில ஒரு வருசம் இவ அங்க விசாவுக்குப் பாத்துக்கொண்டு இருந்தவ. தபாலிலயோ பிள்ளை வரும்?”

மறுபடியும் சிரிப்பு. மருத்துவச்சி அழுத்தமானியின் பட்டியைச் சுருட்டி வைப்பதற்காகத் திரும்பியிருந்தார். அந்தப் பெண் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். மச்சாளைப் பார்க்கவில்லை, என்னையே பார்த்தார். ஒரு வரியை வாசித்து முடிக்கும் நேரம் அந்தப் பார்வை நீடித்தது. பிறகு தலையசைத்தார். ஒருவர் அப்படிப் பார்க்கும்போது பார்வையைத் தாழ்த்திக்கொள்வது நாகரிகம் என்று வளர்க்கப்பட்டவள் நான், தாழ்த்திக்கொண்டேன். முந்தைய கர்ப்பங்கள் என்ற கட்டத்தில் ஒரு பூச்சியத்தை எழுதினேன். அதைப் பார்த்து மருத்துவச்சி கர்ப்பிணியின் தாய்மைப் பதிவேட்டிலும் எழுதினார். அந்தச் சிறிய நீலப் புத்தகத்தை இந்த நாட்டில் ஒவ்வொரு கர்ப்பிணியும் கைப்பையில் வைத்திருப்பார். எந்த வைத்தியரும் முதலில் அதைத்தான் திறப்பார்.

அதன் பிறகு மாதம் ஒரு முறையாவது நானும் அந்தப் பெண்ணும் எஸ்-பான் என்ற நகரத் தொடருந்தில் ஒன்றாகப் போனோம். அவர் என்னைத் தங்கச்சி என்று கூப்பிட்டார். தரிப்பிடங்களின் பெயர்களை உதட்டுக்குள் சொல்லிப் பார்ப்பார். நான் திருத்தமாட்டேன் என்று தெரிந்ததும் சத்தமாகச் சொல்லத் தொடங்கினார். மே மாதத்தில் ஒரு நாள், சுரங்கத்திலிருந்து தொடருந்து வெளிச்சத்துக்கு வந்த பிறகு, கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்:

“இஞ்ச பிள்ளை மாதம் தப்பிப் பிறந்தா என்ன செய்வினம், தங்கச்சி?”

கண்ணாடிப் பெட்டிகளைப் பற்றியும், ஒரு கிலோவுக்கும் குறைந்த குழந்தைகள் பிழைத்துக்கொள்வதைப் பற்றியும் நான் விரிவாகவும் சரியாகவும் விளக்கினேன். ஏன் கேட்கிறீர்கள் என்று கேட்கவில்லை. கேட்காததை அன்று அடக்கம் என்று எண்ணினேன்.

ஜூலை பதினாறு, அதுவும் செவ்வாய். முப்பத்திரண்டாவது வாரம். மச்சாளோடு அறைக்கு வந்தவருடைய செருப்பு வார்கள் கடைசித் துளை வரைக்கும் தளர்த்தப்பட்டிருந்தன. இரத்த அழுத்தம் நூற்று நாற்பத்தெட்டுக்குத் தொண்ணூற்றாறு. மருத்துவச்சி இரண்டாம் முறையும் அளந்தார். எண் இறங்கவில்லை.

“தலையிடி இருக்கோ? கண்ணுக்கு முன்னால ஏதும் மின்னுதோ?”

“இந்த வெயிலுக்கு எனக்கும்தான் தலையிடி,” என்றார் மச்சாள். “வீட்டில காத்தாடியும் இல்லை. இந்த நாட்டில வெயில் வருமெண்டு ஆர் நினைச்சது?”

கர்ப்பிணி இல்லை என்று தலையசைத்தார். என்றாலும் மருத்துவச்சி எங்களை மருத்துவமனைக்கு அனுப்பினார். மச்சாளின் காரில் போனோம்.

அங்கே எங்களைப் பார்த்தவர் இளம் வைத்தியர், என்னைவிட ஐந்தாறு வயது மூத்த பெண்ணாக இருக்கலாம். குழந்தையின் இதயத்துடிப்பை அரை மணி நேரம் தாளில் வரைந்தார்கள். அது நன்றாகவே இருந்தது. இரத்தம் எடுத்தார்கள். வைத்தியர் நீலப் புத்தகத்தைத் திறந்து, பூச்சியம் இருந்த பக்கத்தில் விரலை வைத்து, “முதல் கர்ப்பம், முன்பு எதுவும் இல்லை, சரிதானே?” என்று கேட்டார். நான் மொழிபெயர்க்காமலே “ஆம்” என்றேன். என் கையெழுத்திலிருந்து பிறந்த தகவலுக்கு நானே சாட்சி சொன்னேன். தலைவலியும் பார்வைக் கோளாறும் உண்டா என்ற கேள்வியை மட்டும் மொழிபெயர்த்தேன். மச்சாள் அந்தப் பெண்ணின் முழங்கையைத் தடவிக்கொண்டு நின்றார். அந்தப் பெண் இல்லை என்றார்.

அழுத்தம் சற்று இறங்கியிருந்தது. வீட்டுக்குப் போய் ஓய்வெடுங்கள், காலையும் மாலையும் அளந்து எழுதுங்கள், இரத்த முடிவு மோசமாக இருந்தால் அழைப்போம், இல்லாவிட்டால் வெள்ளிக்கிழமை வாருங்கள் என்றார் வைத்தியர். வெள்ளிக்கிழமைக்கு ஒரு டெர்மின், அதாவது வரவேண்டிய நேரம், எழுதித் தந்தார். மச்சாள் காரை எடுத்து வாசலுக்குக் கொண்டுவருவதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

சுழல்கதவுக்கு அருகே இருந்த வாங்கில் அவரை உட்காரவைத்தேன். மச்சாளின் முதுகு கண்ணாடிக்கு அப்பால் மறையும் வரை அவர் பேசவில்லை. பிறகு என் மணிக்கட்டைப் பிடித்தார். அதற்குமுன் அவர் என்னைத் தொட்டதில்லை.

“தங்கச்சி, விடியத்தில இருந்து கண்ணுக்கு முன்னால மின்னுது. இஞ்ச, நெஞ்சுக்குக் கீழ நோகுது. எனக்கு முந்தியும் இப்பிடித்தான் வந்தது.”

“முந்தி எண்டால்?”

“முதல் பிள்ளைக்கு.”

அவர் என் முகத்தைப் பார்க்காமல், சுழல்கதவைப் பார்த்தபடி, மிகக் குறைந்த சொற்களில் சொன்னார். கடைசிச் சண்டைக் காலம். பதினேழு வயது. இயக்கத்துக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்ற பயத்தில் வீட்டில் அவசரமாகக் கல்யாணம் கட்டிவைத்தார்கள். அந்தக் கணவர் பதுங்கு குழியிலிருந்து தண்ணீருக்குப் போனவர், திரும்பி வரவில்லை. இவர் எட்டாம் மாதத்து வயிற்றோடு முகாமுக்கு வந்தார். கண் மின்னியது, வயிறு நொந்தது. போய்ப் படு என்று அனுப்பினார்கள். படுத்த இடத்தில் வலிப்பு வந்தது. கண்விழித்தபோது வயிறு வெறுமையாக இருந்தது.

“ஆம்பிளைப் பிள்ளை எண்டு சொன்னவை. நான் காணேல்லை.” பிடி இறுகியது. “இப்ப கார்ல ஏறினா வீடுதான். அண்டைக்கும் போய்ப் படு எண்டுதான் விட்டவை.”

“அண்ணைக்குத் தெரியுமோ?” என்று அவருடைய கணவரைக் குறித்துக் கேட்டேன்.

“அவருக்கு எல்லாம் தெரியும். தெரிஞ்சுதான் கட்டினவர். அக்காவுக்கு மட்டும் சொல்லிப்போடாதை, அவ தாங்கமாட்டா எண்டவர்.”

“எனக்குச் சொல்லியிருக்கலாமே, அக்கா. இவ்வளவு நாளும் நாங்கள் ரெண்டு பேரும்தானே ரெயினில போனனாங்கள்.”

அப்போதுதான் அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். அந்தப் பார்வையில் கோபம் இல்லை, ஒருவகை வியப்பே இருந்தது.

“நீங்கள் எங்கட ஆள், தங்கச்சி. உங்கட அம்மாவும் மச்சாளும் ஒரே கோயில். அந்த ஜேர்மன் டொக்டர்ப் பிள்ளை தனியக் கேட்டிருந்தா அப்பவே சொல்லியிருப்பன். எனக்குத்தான் பாஷை வராது.”

கோப்பு என் மார்போடு அணைத்தபடி இருந்தது. அதற்குள் நகலாக இருந்த என் படிவத்தை எடுத்துப் பார்த்தேன். ஏன் அப்போது பார்த்தேன் என்று எனக்குத் தெரியவில்லை. எழுத்து நேராக, அழகாக, ஒரு திருத்தமும் இல்லாமல் இருந்தது.

“டொக்டரிட்டச் சொல்லட்டோ?”

“டொக்டரிட்டச் சொல்லுங்கோ. மச்சாளுக்கு வேண்டாம்.”

எழுந்து ஓடினேன். மருத்துவமனை நடைக்கூடத்தில் ஓடக்கூடாது என்று பலகை போட்டிருந்தார்கள். அதையும் வாசித்துக்கொண்டே ஓடினேன். வைத்தியர் வேறொரு கதவைத் திறந்துகொண்டிருந்தார். நின்ற நிலையிலேயே எல்லாவற்றையும் சொன்னேன்: முன்பு ஒரு கர்ப்பம், எட்டாம் மாதம், வலிப்பு, குழந்தை இல்லை, இப்போது அதே அறிகுறிகள், காலையிலிருந்து. ஜேர்மன் மொழியில் அது நான்கு வாக்கியங்களுக்குள் அடங்கியது. அடங்கியதே எனக்கு அச்சமாக இருந்தது.

“இங்கே ஒன்றுமில்லை என்று இருக்கிறதே,” என்றார் வைத்தியர். “யார் எழுதியது?”

“நான்.”

அவர் என்னைத் திட்டவில்லை. ஒரு கணம் பார்த்தார். பிறகு தொலைபேசியை எடுத்து, எனக்குப் புரியாத வேகத்தில் பேசிக்கொண்டே வாசலை நோக்கி நடந்தார். பத்து நிமிடங்களுக்குள் அந்தப் பெண் கட்டிலில் இருந்தார்; கையில் ஊசி, மேலே தொங்கும் பை, அறையில் நான்கு பேர். அரை மணி நேரத்தில் இரத்த முடிவு வந்தது. கல்லீரல் பாதிக்கப்பட்டிருந்தது, இரத்தத்தை உறையவைக்கும் சிறுதட்டுகள் குறைந்துகொண்டிருந்தன. மாலைக்குள் சத்திரசிகிச்சை செய்து குழந்தையை எடுக்கவேண்டும் என்றார்கள். அவரை இறக்கிவிட்டு மச்சாள் கடைக்குப் போயிருந்தால், மருத்துவமனை அழைக்கும்போது அந்தப் பெண்ணின் கைத்தொலைபேசி அணைந்திருந்தால், அவர் களைத்துத் தூங்கியிருந்தால் என்று என் மூளை வாக்கியங்களை அடுக்கிக்கொண்டே போனது. ஒவ்வொன்றும் இலக்கணப்படி நிறைவாக இருந்தது.

மச்சாள் கார் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்புப் பகுதிக்கு வந்தார்.

“என்ன நடந்தது? இப்பதானே போகச் சொன்னவள்?”

“ஒபரேஷன் செய்யப் போகினம், அன்ரி. பிறஷர் கூடிப்போச்சு.”

“கீழ இறங்கி வரேக்க கூடாததோ இப்ப கூடினது? நீர் ஓடிப்போய் என்னத்தைச் சொன்னனீர்?”

“அதை நான் சொல்ல ஏலாது.”

“எனக்கோ? நான் ஆர், றோட்டால போறவளோ?”

வாழ்க்கையில் முதல்முறையாக ஒரு பெரியவருக்கு முன்னால் பதில் சொல்லாமல் நின்றேன். அவர் என்னைக் கடிந்துகொள்வார் என்று எதிர்பார்த்தேன். அவர் கதிரையில் மெதுவாக உட்கார்ந்து, சாவியை மடியில் வைத்து, குரலைத் தணித்துக் கேட்டார்:

“பழைய பிள்ளையின்ர கதையோ?”

நடைக்கூடத்து விளக்குகள், எதிரே இருந்த தண்ணீர் இயந்திரம், அவருடைய நெற்றிப் பொட்டு எல்லாம் அப்படியே இருந்தன.

“உங்களுக்குத் தெரியுமோ?”

“கலியாணம் பேசினதே நான். விசாரிக்காமல் பேசுவனோ? அவளின்ர மாமா எல்லாம் சொன்னவர். பாவம், சின்ன வயசில பட்டிட்டாள், தம்பிக்குப் பொருத்தமான பிள்ளை எண்டுதான் செய்துவைச்சனான். தம்பிக்கும் தெரியாது எனக்குத் தெரியுமெண்டு. அவளுக்கும் தெரியக்கூடாது எண்டு மாமாவிட்டச் சத்தியம் வாங்கினனான். என்னைக் கண்டு அவள் தலை குனிஞ்சுகொண்டு திரியிறதோ?”

“அண்டைக்கு அறையில, இதுதான் முதல் எண்டு நீங்கள்தானே...”

“பின்ன? பிள்ளைத்தாச்சியை இருத்திவைச்சு, செத்த பிள்ளையின்ர கதையை அவளின்ர வாயாலயே சொல்லவிடுறதோ? அவளுக்கு வாய் திறக்கிற கரைச்சல் இருக்கக்கூடாது எண்டுதான் நான் முந்தினனான்.”

அவர் உண்மையாகவே சொன்னார். எங்கள் வீடுகளில் அது எழுதாத சட்டம்: வயிற்றில் பிள்ளை இருக்கிறவளுக்கு முன்னால் இழந்த பிள்ளையின் பேச்சை எடுக்கமாட்டார்கள். என் சொந்தச் சின்னம்மாவுக்கு அப்படி ஒரு பிள்ளை இருந்தது என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அன்று யோசித்தேன். யாரும் எனக்குச் சொல்லவில்லை, எனக்குத் தெரியும், அவ்வளவுதான். கணவருக்குத் தெரியும், அக்காவை எண்ணி மறைத்தார். அக்காவுக்குத் தெரியும், தம்பியின் மனைவியை எண்ணி மறைத்தார். அந்தப் பெண் இருவரையும் எண்ணி மறைத்தார். ஒரே வீட்டில் மூவரும் ஒருவர் மேல் ஒருவர் வைத்த அன்பினால் வாயை மூடிக்கொண்டிருக்க, உயிரைக் காக்கவேண்டிய தாளுக்கு மட்டும் அது தெரியாமல் இருந்தது. தாளை வைத்திருந்தவள் நான்.

“அன்ரி, அந்த நேரம் அவவுக்கு வலிப்பு வந்தது தெரியுமோ?”

“வலிப்போ?” அவர் நிமிர்ந்தார். “பிள்ளை செத்துப் பிறந்தது எண்டுதான் சொன்னவை.”

“வலிப்பு வந்ததாலதான். இண்டைக்கும் அதுதான் வரப் பார்த்தது.”

அவர் சேலைத் தலைப்பால் சாவியைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

“அதை அறியிறதுக்கோ அந்தக் கேள்வி?” என்றார் கடைசியில். “கலியாணப் பதிவுக்குக் கேக்கிற மாதிரிச் சும்மா கேக்கினம் எண்டல்லோ நினைச்சனான்.”

இதற்கு எங்களிடம்தான் பதில் இருந்திருக்கவேண்டும். கேள்விகளைத் தமிழில் கேட்டோம். ஏன் கேட்கிறோம் என்று ஒருவருக்கும் சொன்னதில்லை. மொழி ஒன்றாக இருந்ததால் எல்லாம் விளங்கியிருக்கும் என்று நம்பினோம். மூன்று கதிரைகளைப் போட்டு, கேள்வியைக் கேட்டு, பதில் வந்ததும் மகிழ்ந்தோம்.

மாலை ஐந்து மணிக்குக் கணவர் துறைமுகத்துக் களஞ்சியத்தின் வேலைச் சட்டையோடு வந்தார். ஐந்தேமுக்காலுக்குக் குழந்தை பிறந்தது. பெண், ஒரு கிலோவும் ஐந்நூற்றுச் சொச்சமும். அழுதது என்று தாதி சொன்னார். அழுகையை நாங்கள் கேட்கவில்லை. தாய் கண்காணிப்புப் பிரிவில் இருந்தார், வலிப்பு வரவில்லை, ஆனால் இன்னும் இரண்டு நாட்களுக்கு எதையும் உறுதியாகச் சொல்லமுடியாது என்றார்கள். தாதி சொன்னதை நான் ஒரு சொல்லும் விடாமல் மொழிபெயர்த்தேன். மெல்லிதாக்கவும் இல்லை, பெரிதாக்கவும் இல்லை.

பிறகு நாங்கள் மூவரும் வரிசையாக உட்கார்ந்திருந்தோம்: ஒரு பக்கம் தம்பி, மறு பக்கம் அக்கா, நடுவில் நான். இருவரும் மற்றவரிடம் மறைப்பதை இருவருக்கும் நடுவில் வைத்துக்கொண்டு நான் இருந்தேன். அதைச் சொல்வது என் வேலையாக இருக்கவில்லை. தாளுக்குச் சொல்லவேண்டியது மட்டுமே என் வேலை. அதைத்தான் செய்யாமல் விட்டிருந்தேன்.

“சாப்பிட்டியோ?” என்று அக்கா என்னைத் தாண்டிக் கேட்டார்.

“பசிக்கேல்லை, அக்கா.”

“பசிக்காட்டியும் சாப்பிடு. நாளைக்கு அவள் கண் முழிச்சு உன்ர முகத்தைத்தான் பார்ப்பாள்.” பிறகு, தண்ணீர் இயந்திரத்தைப் பார்த்தபடி சொன்னார்: “அவளிட்ட நான் சில கதை கதைக்கோணும். நீ ஒண்டும் பயப்பிடாதை.”

தம்பி அக்காவின் முகத்தை ஏறிட்டுப் பார்த்தார். நான் எழுந்து தண்ணீர் குடிக்கப் போனேன்.

மறுநாள் புதன்கிழமை, அறை திறக்கும் நாள் இல்லை. என்றாலும் காலை எட்டு மணிக்குக் கடை வாசலில் மருத்துவச்சி எனக்காகக் காத்திருந்தார். முதல்நாளே தொலைபேசியில் சொல்லியிருந்தேன். குழந்தையும் தாயும் இரவைக் கடந்துவிட்டார்கள் என்ற செய்தி அவருக்கு மருத்துவமனையிலிருந்து வந்திருந்தது. அதைச் சொல்லிவிட்டு அவர் அறைக் கதவைத் திறந்தார்.

“நான் திரும்பி நிண்டனான்,” என்றார். “அந்த நேரம் நான் அவவின்ர முகத்தைப் பாக்கேல்லை.”

“நான் பார்த்தனான், அக்கா,” என்றேன். “பார்த்துப்போட்டுத்தான் எழுதினனான்.”

அவர் என்னைத் தேற்றவில்லை. அதற்கு நான் அவருக்கு நன்றியுடையவள். அலுமாரியைத் திறந்து, அப்போது எங்கள் பராமரிப்பில் இருந்த பெண்களின் கோப்புகளை எல்லாம் எடுத்து மேசையில் வைத்தார். பதினான்கு.

“இதில எத்தனை பேர் ஆரும் பக்கத்தில இல்லாமல் பதில் சொன்னவை?”

ஒவ்வொன்றாகப் பார்த்தேன். கூட வந்தவர் யார் என்பதையும் நான் ஒவ்வொரு தாளிலும் ஒழுங்காகக் குறித்துவைத்திருந்தேன். தாய். மாமி. கணவன். மச்சாள். மாமி. பக்கத்து வீட்டு அக்கா. கடைசித் தாள் வரைக்கும் பார்த்தேன்.

“ஒருத்தரும் இல்லை,” என்றேன்.

மருத்துவச்சி கதிரையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அவருடைய முகத்திலிருந்து நிறம் வடிந்ததை நான் பார்த்தேன். இம்முறை பார்வையைத் தாழ்த்தவில்லை. வெளியே கடைக்காரர் இரும்புக் கதவை உயர்த்தும் ஓசை கேட்டது.

“ஏழு எனக்கு, ஏழு உமக்கு,” என்றார் பிறகு. “ஏன் கேக்கிறம் எண்டதை முதல் சொல்லும். அதுக்குப் பிறகு கேளும்.”

முதல் கோப்பை எடுத்து, பிரசவ நாள் மிக அருகில் இருந்த பெண்ணுக்குத் தொலைபேசி எடுத்தேன். அவரோடு வந்தவர் மாமியார். அன்று எல்லாப் பதில்களையும் சொன்னவரும் அவரே. நாலாவது தடவை மணி அடித்தபோது அந்தப் பெண் எடுத்தார். பின்னணியில் ஒரு தொலைக்காட்சியும், ஒரு வயதான குரலும் கேட்டன. நான் யார் என்று சொன்னேன். நேற்று ஒரு அக்காவுக்கு நடந்ததைப் பெயர் இல்லாமல் சொன்னேன். முந்தைய பிள்ளைப்பேற்றைப் பற்றி நாங்கள் ஏன் கேட்கிறோம் என்று சொன்னேன்.

“இப்ப நீங்கள் தனியவோ இருக்கிறீங்கள், அக்கா?” என்று கேட்டேன்.

“கொஞ்சம் பொறுங்கோ,” என்றார். காலடிகள் கேட்டன. தொலைக்காட்சியின் சத்தம் தேய்ந்தது. ஒரு கதவு சாத்தப்படுவதும், தாழ்ப்பாள் விழுவதும் தெளிவாகக் கேட்டன.